அப்பாவின் 555 புத்தகம்

2025-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு மாலை. இரண்டு பாடல்களுக்கு நடுவே விளையாட்டுச் செய்தி வாசிக்க எனக்குக் கிடைப்பது நாற்பது வினாடி. அன்று திரையில் வந்த முதல் வரி, பேராக் அணி அடுத்த பருவத்தில் சூப்பர் லீக்கில் விளையாடாது என்பது. வாசித்தேன். குரல் கொஞ்சமும் மாறவில்லை. ஊடகத்துறைப் பட்டப்படிப்பில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த பாடலை ஓட விட்டுக் கைப்பேசியை எடுத்தால், சிலிம் ரிவரிலிருந்து அப்பா குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

"என்னடா, மழைக்குத் திடல் மூடிட்டாங்கன்னு சொல்ற மாதிரி வாசிச்சிட்டுப் போற?"

அவருடைய கோபம் நியாயமானது. பேராக் நேற்று முளைத்த அணி இல்லை. மலேசியக் கிண்ணத்தை எட்டு முறை வென்றிருக்கிறது. முதல் முறை 1926-இல், கடைசியாக 2018-இல். 2002, 2003 இரண்டு ஆண்டும் தொடர்ந்து லீக் வெற்றியாளர். எனக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, சிலிம் ரிவர் டோலில் ஏறி, நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பயணம் செய்து ஈப்போ ஸ்டேடியத்துக்குப் போவார்கள். நான் பின்னிருக்கையில் அம்மா கட்டிக் கொடுத்த நாசி லெமாக் பொட்டலங்களுக்குக் காவல். வி. சரவணன் பந்தோடு ஓடினால் எங்கள் வரிசை முழுக்க எழுந்து நிற்கும். நம் பெயரைக் கொண்ட ஒருவர் மஞ்சள் கறுப்புச் சட்டையில் ஓடுவதைப் பார்ப்பதில் இருந்த பெருமையைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அப்பா ஸ்டேடியத்திலும் ஒரு மாதிரியாகத்தான் ஆட்டம் பார்ப்பார். இடைவேளையில் எல்லாரும் கச்சான் வாங்கப் போனால், அவர் மட்டும் உட்கார்ந்து கூட்டத்தை எண்ணுவார். "இன்னிக்கு எட்டாயிரம் பேரு இருக்கும். டிக்கெட் காசு எவ்வளவு வந்திருக்கும் பாரு" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்தப் பழக்கம் தோட்டத்தில் வந்தது. சிலிம் ரிவரை அடுத்த ரப்பர் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு காற்பந்துக் குழு இருந்தது. அப்பா நல்ல ஆட்டக்காரர் இல்லை, ஆகவே பொருளாளர். மாதச் சந்தா ஒரு வெள்ளி. சம்பள நாளன்று பெரட்டுக் களத்துக்கு அருகில் நின்று வசூலிப்பார். வரவு செலவெல்லாம் 555 புத்தகத்தில். கடைக்காரர்கள் கடன் எழுதி வைக்கிற அதே சின்னப் புத்தகம்தான். ஆண்டுக்கொருமுறை கோயில் மண்டபத்தில் பொதுக்கூட்டம் நடக்கும். எழுந்து நின்று ஒவ்வொரு வரியாக அவர் வாசிப்பார்: பந்து ஒன்று, இவ்வளவு. சட்டை துவைத்த கூலி, இவ்வளவு. தஞ்சோங் மாலிம் போக லாரிக்கு டீசல், இவ்வளவு. யாராவது ஒருவர் கண்டிப்பாக எழுந்து, "போன வருசம் பம்பு வாங்கினோமே, மறுபடி எதுக்குப் பம்பு?" என்று கேட்பார். அரை மணி நேரம் அந்தப் பம்பைப் பற்றிச் சண்டை நடக்கும். குழு ஒரு கிண்ணமும் வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பம்புச் சண்டை நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் இங்கே சொல்ல வருவது இதைத்தான். எண்ணூறு பேர்கூட இல்லாத ஒரு தோட்டத்துக் குழுவில் உறுப்பினருக்குக் கிடைத்த பம்புக் கணக்கு, ஒரு மாநிலத்தையே சட்டையில் சுமக்கும் அணியின் இரசிகனுக்குக் கிடைப்பதில்லை.

முன்பு மாநில அணிகள் மாநிலக் காற்பந்துச் சங்கங்களின் கீழ் இருந்தன. அது ஒன்றும் பொற்காலம் இல்லை. அரசியல் புகுந்தது, மந்திரி பெசார் மாறினால் மேலிடமும் மாறும், மாநில அரசும் அரசு சார்ந்த நிறுவனங்களும் கொடுக்கிற பணத்தை நம்பியே காலம் ஓடியது. ஆனால் சங்கம் என்றால் இணைக் குழுக்கள் உண்டு, ஆண்டுக்கூட்டம் உண்டு, யாரோ ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்க ஓர் இடமாவது உண்டு. பிறகு அணிகளைச் சங்கங்களிலிருந்து பிரித்துத் தனி நிறுவனங்களாக்கும் ஏற்பாடு வந்தது. 2021 பருவத்தில் பேராக் எஃப்சி ஆனது. நோக்கம் நல்லதுதான்: அரசுப் பணத்தை நம்பாமல் சொந்தக் காலில் நிற்பது.

அந்த ஆண்டே சம்பள பாக்கிச் செய்திகள் வரிசையாக வந்தன. ஆட்டக்காரர்கள் பருவத்தின் நடுவிலேயே கிளம்பினார்கள். மலேசியக் கிண்ணத்தை வென்று மூன்றே ஆண்டுகளில், 2004-இல் சூப்பர் லீக் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட இறங்காத அணி கீழே இறங்கியது. பிறகு தனியார் கைக்குப் போனது. 2023-இல் இரண்டு லீக்குகளும் ஒன்றாக்கப்பட்டபோது மேலே வந்தது. 2025-இல் இல்லாமலே போனது.

பணம் போட்டவர்களைத் திட்டி எழுதுவது சுலபம். நானும் தே தாரிக் கடையில் திட்டியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், கடனும் சுமையுமாகக் கிடந்த ஓர் அணியை யாரோ எடுத்ததால்தான் அது இன்னும் சில ஆண்டுகள் ஓடியது. டிக்கெட் வசூலில் ஒரு தொழில்முறை அணியை நடத்த முடியாது என்பது அப்பா இடைவேளையில் போட்ட கணக்கிலேயே தெரியும். என் வருத்தம் வேறு. கப்பல் ஓட்டையாகிறது என்பதைப் பயணிகளுக்குக் கடைசியில்தான் சொல்கிறார்கள்.

பேராக் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணியை நம்மில் பலர் நம் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடினோம். 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. பிற்பாடு வெளிநாட்டு ஆட்டக்காரரே வேண்டாம் என்று உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஆடியது. 2022 பருவத்தோடு உரிமையாளர்கள் விலகிக்கொள்ள, அதுவும் முடிந்தது. அந்தப் பையன்களைப் போலத் தொழில்முறை அணியில் இடம் பிடிக்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு கதவு மூடியது.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் '50+1' என்று ஒரு விதி. ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். எத்தனை பெரிய பணக்காரர் வந்தாலும் சரி. இங்கிலாந்தில் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக 2002-இல் அனுமதி கிடைத்ததும், இரசிகர்கள் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பொதுத் திடலில் 'யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக் காட்டலாம்' என்று அறிவித்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பதாம் நிலையில் தொடங்கி 2011-இல் நான்கு முதல்நிலை லீக்குகளுக்குள் வந்துவிட்டார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "பொருளாளர் யாரு?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே நாளைக்கே 50+1 கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. நம் கிளப்புகளில் உறுப்பினர் பட்டியலே கிடையாது, அப்புறம் எங்கே பாதிக்கு மேல்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு தாள் போதும். எல்லாருக்கும் சம்பளம் போட்டாயிற்றா, ஊழியர் சேமநிதி கட்டியாயிற்றா, கடன் எவ்வளவு. அதை அணியின் முகநூல் பக்கத்தில் போடட்டும். புதுச் சட்டை அறிமுகத்துக்குக் காணொளி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாதா? மேசையில் இரசிகர் ஒருவருக்கு நாற்காலி கொடுத்தால் இன்னும் நல்லது. அவர் பம்பைப் பற்றிக் கேட்கட்டும்.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அணியின் இளம் ஆட்டக்காரர் என் நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்தார். எந்த அணி என்று சொல்லப் போவதில்லை. நம் பையன், தோட்டத்துக் குடும்பம். ஒலிப்பதிவு முழுக்கச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பிடித்த நடிகர் யார், கோல் போட்டதும் யாரை நினைத்தீர்கள் என்றெல்லாம் கேட்டேன். ஒலிவாங்கி அணைந்ததும், "அண்ணே, மூனு மாசமா சம்பளம் வரலை. வாடகை கட்ட அம்மா நகையை அடகு வச்சிருக்காங்க. இதை நீங்க சொல்லிடாதீங்க, அப்புறம் என்னை உட்கார வச்சிடுவாங்க" என்றார். நான் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் என்று அன்றைக்கு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் பெயரைச் சொல்லாமல், அணியைச் சொல்லாமல், 'ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா' என்று ஒரு பொதுக் கேள்வியை நான் காற்றில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வாரமே அதே அணியின் நுழைவுச் சீட்டுகளை நேயர்களுக்குப் பரிசாகக் கொடுத்தேன். உற்சாகமான குரலில்.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது அலமாரியைக் குடைந்து அந்த 555 புத்தகத்தை எடுத்தேன். தோட்டத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் டவுனுக்கும் கிள்ளானுக்கும் கலைந்தபோது குழுவும் கலைந்தது. கடைசிப் பக்கத்தில் அப்பாவின் சாய்ந்த எழுத்து: மீதி 37 வெள்ளி 40 காசு, கோயில் உண்டியலுக்கு. பந்து இரண்டு, வலை ஒன்று, பம்பு ஒன்று, தமிழ்ப்பள்ளிக்கு. கீழே பதினொரு கையெழுத்து. அதில் இரண்டு பெருவிரல் ரேகை.

"கலைக்கிறப்போ யாரு கணக்கு கேட்டா?" என்றேன்.

"யாரும் கேக்கல. நான்தான் கூப்பிட்டு வாசிச்சேன்."

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பு அந்த ஆட்டக்காரருக்குப் போன் செய்தேன். இப்போது உணவு விநியோக வேலை செய்கிறார். சனி ஞாயிறில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாராம். எழுதட்டுமா என்று கேட்டேன். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம்.

"எழுதுங்கண்ணே. பேரு மட்டும் வேணாம்" என்றார். பிறகு, "அந்த மூனு மாசம் இன்னும் வரலை, அதையும் போடுங்க."