பிரிட்ஜெட்டின் கடையும் கென்னடி என்ற பெயரும்

பிள்ளைகளே, 1970களில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் நேரு, போஸ், லெனின், ஸ்டாலின் எல்லோரும் எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் கென்னடியும் இருப்பான். நடிகர் விக்ரமுக்கு 1966இல் பெற்றோர் வைத்த பெயர்கூட கென்னடி ஜான் விக்டர்தான். நம்மிடம் அது பிள்ளையின் சொந்தப் பெயர். அயர்லாந்தில் அது ஆயிரம் வருடத்துக் குடும்பப் பெயர். கென்னடி யார் என்று கேட்டால், சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி என்பதோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு அவருடைய கொள்ளுப்பாட்டி கதைதான் முக்கியமாகப் படுகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் ராஜா கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களே அதைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து என்னிடம் பீற்றிக்கொள்வீர்கள்.

அயர்லாந்தின் மேற்கே ஷானன் ஆற்றங்கரையில் கில்லலூ என்றொரு ஊர். பத்தாம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தை ஆண்டவன் கெனேடிக். 951இல் இறந்தான். அவன் மகன்தான் அயர்லாந்தின் பேரரசனாக உயர்ந்து, 1014இல் டப்ளினுக்கு அருகே கிளான்டார்ஃப் போரில் உயிர்விட்ட பிரையன் போரு. பிரையனின் வழிவந்தவர்கள் ஓ பிரையன் ஆனார்கள். பிரையனின் சகோதரன் மகனுக்கு, நம் வீடுகளில் செய்வதுபோலவே, தாத்தா பெயரை வைத்திருந்தார்கள். அந்தப் பேரன் கெனேடிக்கின் வம்சம் ஓ கெனேடி ஆனது. முன்னால் நிற்கும் ‘ஓ’ இன்னாரின் வழித்தோன்றல் என்பதற்கு அடையாளம்.

பங்காளிகள் நெருக்கியதில் கெனேடிகளுக்குச் சொந்த மண்ணில் இடமில்லாமல் போனது. ஷானனைக் கடந்து கிழக்கே, டிப்பரரி மாவட்டத்தின் வடக்குப் பகுதிக்குப் போனார்கள். அங்கே பல நூறு வருடம் சிறு தலைவர்களாகக் கோட்டை கட்டி வாழ்ந்தார்கள். ஆக, இந்தக் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியதற்கு வெகு காலம் முன்பே ஒருமுறை ஊர்விட்டு ஊர் வந்த குடும்பம். பிறகு ஆங்கிலேய ஆட்சி இறுகியது, நிலம் கைமாறியது, பெயரின் முன்னாலிருந்த ‘ஓ’வும் உதிர்ந்து, பெயர் ஆங்கில எழுத்தில் கென்னடி ஆனது. 1893இல் கேலிக் மொழிச் சங்கம் தோன்றிய பிறகு பல குடும்பங்கள் தங்கள் ‘ஓ’வைத் திரும்ப ஒட்டிக்கொண்டன. கென்னடிகளில் பெரும்பாலோர் அதற்கு மெனக்கெடவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்காட்லாந்திலும் கென்னடிகள் உண்டு. ஏர்ஷயரில் கடலோரப் பாறைமேல் நிற்கும் கலேன் கோட்டை 1945 வரை அவர்களுடையதாக இருந்தது. அவர்கள் வேறு வேர். அயர்லாந்தின் வடபகுதிக் கென்னடிகளில் பலர் அங்கிருந்து குடியேறியவர்களின் வாரிசுகள். பெயர் ஒன்றாயிருப்பதால் ரத்தமும் ஒன்று என்று நினைக்கக்கூடாது. ஒரே பெயர் கொண்ட இருவரைப் பார்த்தவுடன் ‘நீங்க நம்ம ஆளா?’ என்று கேட்கும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அது எங்கே போய் முடியும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அயர்லாந்துக்குப் போகும் அமெரிக்கர்கள் கடைகளில் தங்கள் குடும்பப் பெயருக்கான ‘குலச் சின்னம்’ என்று ஒரு கேடயப் படத்தை வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். சின்னம் தனி ஆளுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது; ஒரு பெயரைச் சுமக்கும் அத்தனை பேருக்கும் பொதுவானது அல்ல. ஜனாதிபதி கென்னடிக்கே அயர்லாந்து அரசு 1961 மார்ச் 17ஆம் தேதி, புனித பேட்ரிக் திருநாளில், புதிதாக ஒரு சின்னம் வழங்கியது. பிரையன் போருவின் உறவுவழிப் பெயரைத் தாங்கியவருக்கு அதுவரை சொந்தச் சின்னம் இருக்கவில்லை. அயர்லாந்தில் வாழ்ந்த அவருடைய முன்னோர்களிடம் அது இருந்திருக்கவும் வழியில்லை. அவர்கள் குத்தகை விவசாயிகள்.

இனி அந்தக் குத்தகைக்காரர்களிடம் வருவோம். தென்கிழக்கே வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் நியூ ராஸ் என்ற ஆற்றுத் துறைமுகம். அதற்குத் தெற்கே சில மைல் தொலைவில் டங்கன்ஸ்டவுன். அங்கே ஒரு சிறு பண்ணையில் இளைய மகனாகப் பிறந்தவர் பேட்ரிக் கென்னடி. அண்ணன் இருக்கையில் நிலம் தம்பிக்கு வராது. நியூ ராஸில் மதுபானம் வடிக்கும் இடத்தில் பீப்பாய் செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அது ஒன்றே சாப்பாடு. அதே காலத்தில் தானியமும் கால்நடையும் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தன என்பதை மறக்காதீர்கள். பயிர் பொய்த்தது இயற்கை, பட்டினி போட்டது ஆட்சி. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போனார்கள். 1841இல் 80 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை பத்தே வருடத்தில் சுமார் 65 லட்சமாகச் சுருங்கியது. அப்படிப் போனவர்களில் பேட்ரிக்கும் ஒருவர். அதே வெக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிரிட்ஜெட் மர்பியும் போனார். 1849 செப்டம்பரில் பாஸ்டனில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது.

பாஸ்டன் அவர்களை மாலை போட்டு வரவேற்கவில்லை. பேட்ரிக் கிழக்குப் பாஸ்டனில் பீப்பாய் செய்தார். குடியேறிகளையும் கத்தோலிக்கர்களையும் வெறுத்த ‘ஒன்றும் தெரியாதவர்கள்’ என்ற கட்சி 1854இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தையே கைப்பற்றியது. சட்டமன்றத்தில் ஏறக்குறைய எல்லா இடமும் அவர்களுக்குத்தான். பேட்ரிக்–பிரிட்ஜெட் தம்பதிக்கு ஐந்து பிள்ளைகள். ஒரு மகன் கைக்குழந்தையாகவே இறந்தான். 1858 நவம்பர் 22ஆம் தேதி பேட்ரிக்கும் இறந்தார். அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. கடைசிப் பிள்ளை பேட்ரிக் ஜோசப்புக்கு அப்போது பத்து மாதம். (அதே நவம்பர் 22இல், 105 வருடம் கழித்து, டல்லஸில் கொள்ளுப்பேரன் சுடப்பட்டார். இதில் மர்மம் தேடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை.)

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். கையில் மூன்று பெண் பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை. சொந்தம் எல்லாம் கடலுக்கு அப்பால். ‘ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்’ என்று வேலை விளம்பரம் செய்யும் காலம். பிரிட்ஜெட் வீட்டு வேலைக்குப் போனார். பிறகு நூல், ஊசி, சில்லறைச் சாமான் விற்கும் சிறு கடை ஒன்றைப் பிடித்தார். கடை மெல்ல மளிகை, பலசரக்கு என்று விரிந்தது. பிள்ளைகள் கடைத்தெருவிலேயே வளர்ந்தார்கள். பையன் பதினான்கு வயதில் படிப்பை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். தூக்கிச் சேர்த்த காசில் ஒரு மதுக்கடை வாங்கினான். அது இரண்டாகி, மூன்றாகி, ஊர்க்காரர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லிக்கொள்ளும் இடமாகவும் ஆனது. 1880களில் அவன் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டான். முப்பது வருடத்துக்கு முன் அவன் அம்மாவைப் போன்றவர்களை விரட்டத் துடித்தவர்கள் உட்கார்ந்திருந்த அதே சட்டமன்றம்தான். மகன் அங்கே உட்காருவதைப் பார்த்துவிட்டு, பேரன் ஜோசப் பிறந்த 1888இல் பிரிட்ஜெட் கண்மூடினார்.

குடும்பப் பெயர் கணக்கு வைக்கும் முறை எப்படி இருக்கிறது பாருங்கள். பத்தாம் நூற்றாண்டு ராஜாவை அது ஞாபகம் வைத்திருக்கிறது. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவளின் மர்பி என்ற பெயரை அது விழுங்கிவிட்டது. உங்கள் வீட்டு வரலாற்றை எழுதப் போகிறவர்கள், மேலே மேலே ஏறி ஒரு ஜமீன்தாரைத் தேடுவதற்கு முன், யாருடைய உழைப்பில் அடுத்த வேளைச் சோறு வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதிவேட்டில் இல்லாத ஒரு பெண்ணின் பெயர்தான் வரும். உயிரோடு இருப்பவர்களிடம் சீக்கிரம் கேளுங்கள். அயர்லாந்துக்காரர்கள் 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் நீதிமன்ற வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகத்தை நெருப்புக்குக் கொடுத்தார்கள். 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் அதில் எரிந்தன. இன்று அவர்களிடம் முழுதாக எஞ்சியிருப்பதில் மிகப் பழையது 1901ஆம் வருடக் கணக்கெடுப்பு. பஞ்சத்தில் போனவர்களின் வாரிசுகள் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் பழைய நிலமதிப்பீட்டு ஏடுகளையும் வைத்துத் தட்டித் தடவித்தான் மேலே போக முடிகிறது.

பிரிட்ஜெட்டின் பேரன் ஜோசப் ஹார்வர்டில் படித்தார், பெரும்பணம் சேர்த்தார், 1938இல் பிரிட்டனுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். ஹிட்லரோடு ஒத்துப்போய்விடலாம் என்று வாதாடியவர். பணம் சேர்ப்பதில் அவரைப் பின்பற்றலாம் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அவர் மகன் ஜான் 1960இல் ஜனாதிபதியாகத் தேர்வானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர் அவர். 1963 ஜூனில் அயர்லாந்து போனபோது டங்கன்ஸ்டவுன் பண்ணை வீட்டில் உறவினர்களோடு தேநீர் குடித்தார். நியூ ராஸ் கூட்டத்தில், என் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறாமல் இருந்திருந்தால் நான் அதோ அந்த உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருப்பேன் என்ற பொருளில் சொல்லிச் சிரிக்க வைத்தார். வேடிக்கையாகச் சொன்னாலும் மனிதர் தன் நிலைமையைச் சரியாகத்தான் கணித்திருந்தார்.

அடுத்த மாதம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அப்போது அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்கி வைத்திருந்தது. அயர்லாந்துக்கு வருடம் 17,000 இடத்துக்கு மேல். இந்தியாவுக்கு 100. தன் பாட்டன் மண்ணுக்கு அள்ளிக் கொடுத்த அந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று 1963 ஜூலையில் அவர் நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரை அனுப்பினார். சட்டமாவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. தம்பி எட்வர்ட் அதைச் செனட்டில் நடத்திக் கொடுத்தார். 1965 அக்டோபர் 3ஆம் தேதி, சுதந்திரதேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு அயர்லாந்துக்காரர்களுக்கு நுழைவு கடினமானது. 1980களில் அங்கிருந்து வந்த ஆயிரக்கணக்கானோர் ஆவணமின்றி நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் ஒளிந்து வேலை செய்தார்கள். நம் ஊர் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் குடும்பத்தோடு போய் இறங்கியது அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான். அதன்படி இந்தியாவுக்கான உச்சவரம்பு 100லிருந்து 20,000 ஆனது.

உங்களில் பலர் நாளை அங்கே போவீர்கள். போகும்போது 100 என்ற அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் வேறு எந்த நாட்டுக்காரன் வரிசையில் நின்றாலும், ‘இவனையெல்லாம் ஏன் உள்ளே விடுகிறார்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள்.