எத்தனை நாள்?

கஹவத்தையில் வாப்பாவின் கடைக்கு மேலிருந்த லயத்தில் பிறந்தவர் அந்த அண்ணன். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்ட லயங்கள் எரிக்கப்பட்டன. 1985இல், "ரெண்டு வருசந்தான் அம்மா" என்று சொல்லிக் கிழக்கு பேர்லினுக்கு விமானம் ஏறினார். அங்கிருந்து மேற்கு பேர்லினுக்கு ரயில். மேற்கு ஜேர்மனி அந்தக் கோட்டை நாட்டெல்லையாக ஏற்காததால் கடவுச்சீட்டு பார்ப்பாரில்லை. அடுத்த வருடமே அவ்வழியும் அடைபட்டது.

இப்போது ஹம் நகரில் இருக்கிறார். 2002இல் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலில் வருடந்தோறும் தேர் இழுக்கிறார். இடையில் இருமுறை ஊர் வந்தார்; மூன்றாம் வாரமே திரும்பிவிட்டார்.

என்னைக் கூப்பிட்டிருக்கிறார். "வந்தா மூணு மாசம் நிக்கணும் தம்பி." விசாவுக்கு 90 நாள்தான் உச்சம், பாடசாலை விடுமுறையோ அவ்வளவு இல்லை. பழைய நிலக்கரிச் சுரங்கத்தில் எழுந்த கண்ணாடி யானையையும் கோயிலையும் பார்க்க இரண்டு நாள் போதும். மிச்சமெல்லாம் அவரோடு பேசத்தான்.

லயத்தில் அவருடைய தாய், எண்பது தாண்டியவர், சொன்னார்: "நீங்க எத்தன நாள் நின்னாலும் சரி தம்பி. அவன் இன்னும் எத்தன நாள் நிப்பான்னு கேட்டுட்டு வாங்க."

விண்ணப்பத்தில் பதினான்கு நாள் என்று எழுதிவிட்டேன். அதில் எந்த நாளில் இதைக் கேட்பது என்பதுதான் முடிவாகவில்லை.