குனிந்தவர்கள்

தமிழில் 'குனி' என்று ஒரு சொல் கைவசம் இருந்தால் முக்கால்வாசிக் காரியம் நடந்துவிடும். கோலம் போடுகிறவளும் குனிகிறாள். நிலைப்படி இடிக்காமலிருக்க உயரமான மாப்பிள்ளையும் குனிகிறார். கடன் கேட்கப் போனவனும் குனிகிறான். ஏன் குனிந்தான் என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு சொல்லைப் போட வேண்டும். ஆங்கிலக்காரன் அப்படியில்லை. வளைகிற சொல்லுக்குள்ளேயே வளைந்தவனுடைய அந்தஸ்தையும் வைத்துத் தைத்துவிடுகிறான்.

சும்மா வளைந்தால் 'பெண்ட்'. மரியாதைக்காக வளைந்தால் 'பௌ'. பெண்கள் முழங்காலை மடக்கிச் செய்யும் மரியாதை 'கர்ட்ஸி'. பயந்தோ, பாய்வதற்காகவோ பதுங்கினால் 'க்ரௌச்'. கல் வருகிறதென்று சட்டென்று தலையைத் தாழ்த்தினால் 'டக்'. வாத்துக்கும் அதே பெயர்தான். வாத்தைப் பார்த்து மனிதன் குனிவதற்குப் பெயர் வைத்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். விஷயம் நேர்மாறு. தண்ணீரில் தலையை முக்குவதால் வாத்துக்கு அந்தப் பெயர் வந்தது.

'பௌ' என்பதையே வேறு விதமாக, 'போ' என்று உச்சரித்தால் வில். இரண்டும் வளைவைக் குறிக்கும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை. இதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். நம்முடைய வணக்கமும் அடியில் வளைவதுதான். வில் வளைவதை 'வணக்கம்' என்றே சொல்லி, பகைவனுடைய பணிவான பேச்சை நம்பாதே என்று எச்சரித்திருக்கிறார் திருவள்ளுவர். இரண்டு பாஷைக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே வில்லையும் கும்பிடையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள்!

என்னை விடாமல் தொந்தரவு செய்வது 'ஸ்டூப்' என்ற சொல். கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தாலும் ஸ்டூப்; உயரத்திலிருப்பவன் தன் தகுதிக்குக் குறைந்த காரியத்துக்கு இறங்கினாலும் ஸ்டூப். ராஜாளி இரையின்மேல் பாய்வதற்கும் அதுவே பெயர். 1773-ல் லண்டனில் மேடையேறிய கோல்ட்ஸ்மித்தின் நாடகத்துக்குத் தலைப்பே 'ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்'. கதாநாயகி பெரிய இடத்துப் பெண். அவளைப் பார்க்க வரும் பிள்ளையாண்டானுக்குச் சம அந்தஸ்துள்ள பெண்கள் முன்னால் நாக்கு எழும்பாது. வேலைக்காரப் பெண்களிடம் வாய் ஓயாது. ஆகவே அவள் பணிப்பெண் மாதிரி நடித்து அவனை ஜயிக்கிறாள். அருமையான வேடிக்கை நாடகம். ஆனால் நிஜமான பணிப்பெண் ஒருத்தி அவனை ஜயித்திருந்தால் அந்தத் தலைப்பு பொருந்தியிராது. கீழ்ப்படியில் நிற்கிறவளுக்கு இறங்குவதற்கு ஏது படி?

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: நிரந்தரமாக விழுந்துவிட்ட கூன். என் தகப்பனார் 30 வருஷம் ஒரு மண்டியில் கணக்கு எழுதினார். தாழ்ந்த மேஜை, கனத்த பேரேடு. வேலையை விட்டு வீட்டோடு வந்தபோது மனிதரால் நிமிர்ந்து சுவரில் காலண்டர் மாட்ட முடியவில்லை. "நான் எவனுக்கும் குனிஞ்சவனில்லைடா" என்பார். மெய்தான். முதலாளியிடம் ஒரு நாள்கூடக் குழைந்து பேசியவரில்லை. குனிய வைத்தது பேரேடு. ஆங்கில அகராதியில் அவருடைய முதுகும் அந்தக் கதாநாயகியின் சாமர்த்தியமும் ஒரே சொல்லின் கீழ், ஒன்று இரண்டு என்று இலக்கமிட்டுக் கிடக்கின்றன. 'கூன்' கடுமையான சொல்தான். ஆனாலும் அதில் இந்த அநியாயம் இல்லை.

எவனுக்கும் குனிந்ததில்லை என்ற பெருமை ஆங்கிலேயருக்கும் உண்டு. 1793-ல் சீனச் சக்கரவர்த்தியைக் காணப் போன மெகார்ட்னி பிரபு, மூன்று தடவை மண்டியிட்டு ஒன்பது தடவை தலையைத் தரையில் முட்ட மாட்டேன், என் அரசருக்குச் செய்வதுபோல் ஒற்றை முழங்காலைத்தான் மடக்குவேன் என்று வாதாடினார். அந்தச் சீன வழக்கத்தின் பெயரான 'கௌடௌ'வை மட்டும் அவருடைய நாட்டார் எடுத்துக்கொண்டார்கள். அடிமைத்தனமாகக் குழைகிறவனைப் பழிக்க இன்றும் அது பயன்படுகிறது.

தலையை முட்ட மறுத்த அதே ராஜ்யத்தின் தளபதி டையர், 1919 ஏப்ரலில், ஜாலியன்வாலா பாக்கில் சுட்டுத்தள்ளிய சில நாட்களுக்குள் அமிர்தசரஸில் ஓர் உத்தரவு போட்டார். ஆங்கிலேயப் பாதிரிமார் சங்கத்துப் பெண்மணி ஒருவர் தாக்கப்பட்ட சந்தில் இந்தியர் எவரும் நடந்து போகக்கூடாது. 'க்ரால்' செய்ய வேண்டும். இரு கோடியிலும் சிப்பாய்கள். அங்கே குடியிருந்தவர்களும் வயிறு தரையில் தேயத்தான் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

கதை ஒன்றில் அந்தச் சந்தைப் பற்றி எழுத நேர்ந்தது. ஆங்கிலத்தில் குழந்தை போவதும் க்ரால், பூச்சி போவதும் க்ரால். நமக்கோ குழந்தை தவழும், புழு ஊரும். 'தவழ்ந்தார்கள்' என்று எழுதக் கை வரவில்லை. தவழ்வதென்றால் எதிரே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருக்க வேண்டும். 'ஊர்ந்தார்கள்' என்றால் தளபதி நினைத்ததையே நானும் எழுதியதாகும். "வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு போகச் செய்தார்கள்" என்று எழுதினேன். வாக்கியம் இழுக்கிறதே, ஒரே சொல்லாகப் போடக்கூடாதா என்று கேட்டார் பத்திரிகை ஆசிரியர். இழுக்கட்டும் ஸார் என்று சொல்லிவிட்டேன்.