ஏழு நாள் கைவேலை

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி எல்லா இல்லங்களிலும் எழுவதுபோல் எங்கள் இல்லத்திலும் எழுந்தது. கொடைக்கானல் என்றார் ஒருவர். கடற்கரை ஏதேனும் போதும் என்றார் மற்றொருவர். கடைசியில் எங்கும் செல்வதில்லை என்றே தீர்மானமாயிற்று. சனி தொடங்கி வெள்ளி முடியக் கைப்பேசிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் கையால் ஏதேனும் ஒன்று செய்வது. தெரியாதவர் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்வது. இதுதான் ஏற்பாடு.

மயிலாடுதுறைக்கு இது புதிதன்று. ஊரின் ஒரு பகுதியான கூறைநாடு, பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த சேலையால் பெயர் பெற்றது. இன்று அங்கே தறியோசை அருகிவிட்டது. 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளையும் மாயூரத்தில் முன்சீபாக இருந்தவரே. உத்தியோகம் அவருக்குச் சோறு போட்டது. தமிழ் அவருடைய விருப்பம். விருப்பத்துக்குச் செய்த வேலைதான் நிலைத்தது!

முதல்நாள் காலையில் பிள்ளைகளுடன் தைக்காலுக்குச் சென்றோம். கொள்ளிடத்துக்கு அருகில் உள்ள அவ்வூரில் நம்மவர் பலர் பிரம்பு வேலையும் பாய் வேலையும் செய்து வருகின்றனர். பிரம்பைத் தீயில் வாட்டி வளைப்பதைச் சின்னவன் வாய் பிளந்து பார்த்தான். திரும்பும்போது ஒரு கட்டுக் கோரை வாங்கி வந்தோம். கோரையைக் கிழித்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து மறுபடி உலர்த்திய பின்னரே அது பாயாகும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, விரல் கீறப் படிப்பது வேறு. பத்தமடையில் லெப்பைக் குடும்பத்தார் பட்டுப்போல் நெய்யும் பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் உருவானதோ, பூனை படுக்கவும் மறுத்த ஒரு சதுரம். தொப்பி பின்னல், மருதாணிக் கோலம், மரப்பலகையில் பெயர் செதுக்குதல் என்று மற்றவையும் நடந்தன. அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விரித்துரைக்க வேண்டியது பிள்ளைகளின் நன்னியைப் பற்றி. எண்பது வயதைக் கடந்த எங்கள் தாயாருக்குக் கண்ணில் புரை விழுந்து ஓராண்டாகிறது. ஊசியில் நூல் கோக்க இயலாது. "எனக்கென்ன வேலை தரப் போறீங்க?" என்று ஞாயிறன்று கேட்டவர், தம் தகரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். அடியில் ஒரு பழுப்பேறிய நோட்டு. உள்ளே முழுதும் அரபுத்தமிழ்.

இளைய வாசகர்களுக்காக ஒரு சொல். தமிழை அரபு எழுத்தில் எழுதுவதே அரபுத்தமிழ். அரபியின் 28 எழுத்துகள் நம் மொழிக்குப் போதா. ப, ட, ண, ழ போன்றவற்றுக்குப் புள்ளிகள் கூட்டி நம் முன்னோர் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் பெருநூல்களையே இவ்வெழுத்தில் இயற்றினர். பள்ளிக்கூட வாசலை மிதியாத பெண்மணிகள் பலர், ஓதக் கற்ற எழுத்தைக்கொண்டே கணக்கும் கடிதமும் எழுதினர். அவர்களை எழுத்தறியாதவர் பட்டியலில் சேர்த்தது என்ன நியாயம் என்று நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு.

எங்கள் மூத்த மகள் ஓதுவாள்; தமிழும் அறிவாள். எனினும் இரண்டும் ஒன்றான இடத்தில் திகைத்து நின்றாள். நன்னி எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, அவள் கரும்பலகையில் எழுதிப் பழகினாள். செவ்வாய்க்கிழமை வட்டிலப்பத்தின் அளவு பிடிபட்டது. புதன்கிழமை, யாருக்கோ கொடுத்த பன்னிரண்டு ரூபாய்க் கடன். வியாழனன்று அசர் தொழுகைக்குப் பின் ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவள் நிறுத்திவிட்டாள்.

"நன்னி, இது யாரு?"

ஹிஜ்ரி 1381 ரஜப் மாதத்தில், அதாவது 1961 டிசம்பரில், ஓர் ஆண் குழந்தை பிறந்த செய்தியும், அதன் பெயரும், நாற்பதாம் நாள் அது மவுத்தான செய்தியும் அங்கே இரண்டு வரிகளில் இருந்தன.

"உன் பெரியத்தா" என்றார் தாயார்.

எமக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார் என்பதை இத்தனை ஆண்டுகள் எவரும் எங்களிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொல்லி என்ன ஆகப் போவுது? எழுதி வச்சேன். நாள் கிழமையில எடுத்துப் படிப்பேன். கண்ணு போனதுக்கப்புறம் அதுவும் இல்லாமப் போச்சு" என்றார். பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை படி, கண்ணு" என்றார். அவள் படித்தாள். ஓர் எழுத்தை அவள் தவறாக உச்சரித்தபோது மட்டும் தாயார் திருத்தினார்.

கைப்பேசிகள் வெள்ளி மாலையில் வெளியே வந்துவிட்டன. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நோட்டுவேலை மட்டும் நிற்கவில்லை. வலப்பக்கம் அரபுத்தமிழ், இடப்பக்கம் தமிழ் என்று மகள் ஒரு புதிய நோட்டில் படியெடுத்து வருகிறாள். மொத்தம் 62 பக்கங்கள். இதுவரை 23 முடிந்திருக்கின்றன. கண் அறுவைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறோம். பதினேழாம் பக்கத்தில் ஈரம் பட்டு அழிந்த ஒரு சொல் இருக்கிறது. தாயாருக்கும் அது நினைவில் இல்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறாள்.