கரமனை: பந்தியும் மேஜையும்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து நாகர்கோவில் சாலையில் கிள்ளிப்பாலம் தாண்டினால் கரமனை. கன்னியாகுமரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் இந்த ஊரை ஜன்னல் வழியாகவே பார்த்துக் கடந்துவிடுவார்கள். ஒரு சந்திப்பு, ஒரு பாலம், கீழே ஆறு, அவ்வளவுதான். சாலையை விட்டு உள்ளே திரும்பினால்தான் தமிழ் காதில் விழுகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரஹார வீடுகள், வாசலில் கோலம், பாதிக்குப் பாதி மலையாளம் கலந்த பேச்சு. திருவிதாங்கூர் அரசர்கள் காலத்தில் கோயில், அரண்மனை, கச்சேரி வேலைகளை நம்பி வந்த தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள் ஆற்றங்கரையில் அமைத்துக்கொண்ட குடியிருப்பு இது. தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் (1839-1900) வாழ்ந்த ஊர். தஞ்சைச் சீமையிலிருந்து சிறுவனாகத் தாயுடன் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த பாபநாசம் சிவன், அவருடைய பாட்டுகளில் ஊறித்தான் வளர்ந்தார்.

பாட்டைத் தவிர இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த இன்னொன்று போளி. தமிழ்நாட்டில் வெல்லப் பூரணம் வைத்து வாழையிலையில் தட்டும் போளி அல்ல இது. மஞ்சள் சேர்த்த மைதா மாவை நல்லெண்ணெயில் ஊறவைத்து, கடலைப்பருப்பும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்ந்த பூரணத்தை உள்ளே பொதிந்து, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து, நெய் விட்டுச் சுட்டெடுப்பது. கையில் எடுத்தால் துணி மாதிரி மடியும். சும்மா தின்றால் பாதி ருசிதான். இலையில் போளியை விரித்து, அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து தின்ன வேண்டும். கேரளத்தின் மற்ற ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. திருவனந்தபுரத்துக்காரர்களோ போளி இல்லாத கல்யாணத்தைக் கல்யாணமாகவே மதிப்பதில்லை. மராட்டியத்துப் பூரண் போளி தஞ்சை மராட்டியர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது என்பார்கள். அங்கிருந்து அக்ரஹாரத்தோடு மலை தாண்டி வந்து, மலையாளிகளின் சத்யா இலையில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது.

தெற்கத்திப் பாணி என்று ஒன்று உண்டென்றால் அது இந்த இலையில்தான் இருக்கிறது. நுனி இடப்பக்கம் இருக்க இலை போட்டு, உப்பேரி, சர்க்கரைப் புரட்டி, பழம், ஊறுகாய் வகைகள், பச்சடி, கிச்சடி, தோரன், அவியல், ஓலன் என்று முதலில் வரிசை கட்டிவிடுவார்கள். பிறகு சோறு. முதல் சுற்று பருப்பும் நெய்யும் பப்படமும். இரண்டாவது சாம்பார். தமிழ்நாட்டுக்காரர் அடுத்து ரசம் வரும் என்று காத்திருப்பார். வருவது அடைப் பிரதமன். அதையடுத்துப் போளியும் பால் பாயசமும். விருந்து முடிந்துவிட்டது என்று எழப் போனால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து உட்கார வைப்பார். மறுபடியும் சோறு, புளிசேரி, ரசம், மோர். இனிப்பில் திகட்டிய நாக்கைப் புளிப்பு கொண்டு கழுவுகிற ஏற்பாடு. நடுவில் பாயசம் வைப்பது முறைகேடல்ல. அதுதான் இந்த விருந்தின் இலக்கணம்.

இலையில் இருப்பதில் பெரும்பகுதி கரமனைப் பாலத்தின் மேல் வந்ததுதான். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மாறியது, சரக்கு போகும் வழி மாறவில்லை. ஓணம் வந்தால் தோவாளைப் பூவும் தென்மாவட்டத்து வாழையிலையும் காய்கறியும் லாரி லாரியாக இதே சாலையில் சாலை பஜாருக்குப் போகின்றன. வறுத்தரைத்த தேங்காயில் செய்யும் தீயல் இன்றும் எல்லைக்கு இருபுறமும் ஒரே ருசிதான்.

ஆனால் இந்த இலையின் முன் உட்காரும் உரிமை ஒரு காலத்தில் எல்லோருக்கும் இருக்கவில்லை. திருவிதாங்கூரில் அரசு செலவில் ஊட்டுப்புரைகள் நடந்தன. பத்மநாபசுவாமி கோயிலில் 6 ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபத்தின்போது பெரும் சமையல் நடந்தது. அவியல் பிறந்ததே அந்த மடைப்பள்ளியில் மிஞ்சிய காய்களிலிருந்துதான் என்று ஒரு கதை உண்டு. பீமன் சமைத்தது என்பவர்களும் உண்டு. எது உண்மையோ, அவியலுக்கு இரண்டும் பொருந்தும். அந்தச் சோறு பிராமணர்களுக்கு இலவசம். வயலில் அதை விளைவித்தவர்களுக்கோ கோயில் தெருவில் நடக்கவே அனுமதி இல்லை. திருவிதாங்கூருக்கு ‘தர்ம பூமி’ என்று பேர் இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871-ல் வெளியிட்ட நூலுக்கு அந்தப் பேரையே தலைப்பாக வைத்தார். தர்மம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது உள்ளே படித்தால் புரியும்.

கரமனைக்குப் பக்கத்திலேயே தைக்காட்டில் ஒரு தமிழர் இதற்கு வேறு பதில் சொன்னார். தைக்காடு அய்யா என்று அழைக்கப்படும் அய்யாவு சுவாமிகள் (1814-1909) பிரிட்டிஷ் ரெசிடென்சியில் வேலை பார்த்தவர். 1870-களில் தைப்பூச நாளில் சாதி பாராமல் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சோறு போட்டார். பந்திபோஜனம் என்று அதற்குப் பேர். சட்டம்பி சுவாமிகள், நாராயண குரு, அய்யன்காளி ஆகிய மூவருமே அவரிடம் வந்து போனவர்கள். சகோதரன் அய்யப்பன் செறாயியில் சமபந்தி நடத்தி, கேரளத்தையே உலுக்கியது 1917-ல்தான். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். சாமியைக் கும்பிடுவதற்கு முன்பே சோற்றில் சண்டை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தமிழ்நாட்டிலும் கதை வேறல்ல. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஓட்டல்களின் காலம். தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில், செங்கல் சுருளாக ஏறும் சரிவில் மேஜைகள் இருக்கின்றன. மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவக்கும். தலைப்பாகை அணிந்த சர்வர் யாரிடமும் ஊரோ குலமோ விசாரிப்பதில்லை. நகரின் உண்மையான சமபந்தி அதுதான் என்றால் மிகையாகாது.

அதற்கு மேல் ஒரு படி, இப்போது வெள்ளைத் துணி விரித்த மேஜை வந்திருக்கிறது. கரமனையிலிருந்து சில கிலோமீட்டரில், விமான நிலையம் போகும் வழியில் ஈஞ்சக்கலில், பழைய மாளிகை ஒன்றைச் செப்பனிட்டு 2012-ல் திறந்தார்கள் வில்லா மாயா உணவகத்தை. ஓட்டுக் கூரை, மரத்தூண், தோட்டத்தில் தண்ணீர், தாழ்ந்த வெளிச்சம். உள்ளூர்ச் சமையலோடு இத்தாலி, மொராக்கோ உணவுகளும் பட்டியலில் ஏறின. அரண்மனைச் சமையல் அரண்மனை போன்ற இடத்திலேயே விலைக்குக் கிடைக்கத் தொடங்கியது. பிறப்பு கேட்பதில்லை, பர்ஸ் கேட்கிறது.

இந்த மேஜைக்கு முன்னோடி சென்னை. 1989-ல் பார்க் ஷெரட்டனில் தொடங்கிய தக்ஷிண், நான்கு மாநிலச் சமையலையும் நட்சத்திர ஓட்டலுக்குள் கொண்டுவந்தது. உலோகத் தட்டில் இலை வெட்டிப் போட்டார்கள். ‘ஐயர்ஸ் ட்ராலி’ என்ற தள்ளுவண்டியில் பலகாரம் சுடச்சுட மேஜைக்கே வந்தது. ஒரு காலத்தில் பிறர் பார்வை படாமல் சமைத்தவர்களின் பேர், அனைவர் கண்முன்னும் விருந்தாளிக்குக் காட்சியானது. வரலாறு இப்படியும் கணக்குத் தீர்க்கும். 2017-ல் கிராண்ட் சோழாவில் வந்த அவர்த்தனா இன்னும் ஒரு படி மேலே போனது. 7 முதல் 13 வகை வரை, ஒவ்வொன்றாக, ஒவ்வொரு கோப்பையாக. ரசம் தெளிந்த நீராகக் கண்ணாடிக் கோப்பையில் வரும். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் சோற்றோடு பிசையாத ரசம் சூப்தானே என்று கரமனைப் பாட்டிகள் கேட்டால் சமையல்காரர் என்ன பதில் சொல்வாரோ.

நியூயார்க்கில் வேறு விதமாக நடந்திருக்கிறது. 2021-ல் மன்ஹாட்டனில் திறந்த செம்மா உணவகத்துக்கு, மறு ஆண்டே மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தைச் சேர்ந்த விஜயகுமார் அங்கே தலைமைச் சமையல்காரர். பேர் வாங்கித் தந்தவற்றில் ஒன்று நத்தைப் பிரட்டல். வயல்வரப்பில் பொறுக்கிய நத்தையை ஏழைகளின் சாப்பாடு என்று மறைத்துப் பேசிய காலம் போய், பணக்காரர்கள் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து தின்கிறார்கள். தக்ஷிணின் தள்ளுவண்டியைவிட இது பெரிய மாற்றம். ‘தெற்கத்திச் சாப்பாடு’ என்றாலே சைவ இலை என்று வடக்கே நினைத்துக்கொண்டிருந்ததை ஒரு நத்தை உடைத்துவிட்டது. திருவனந்தபுரத்துக்கு இது புதுச் செய்தி அல்ல. அக்ரஹாரத்திலிருந்து கூப்பிடு தூரத்துச் சாலை பஜாரில் கோழிப் பொரியலுக்காகத் தலைமுறைகளாகக் கூட்டம் நின்றுகொண்டிருக்கிறது.

விலையுயர்ந்த மேஜைக்கு எட்டாதது ஒன்று உண்டு: பரிமாறுவது. கரமனைத் தமிழில் அது ‘விளம்பறது’. இலை வரிசையில் ஒருவர் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறார், யாருக்கு இன்னொரு கரண்டி பிரதமன் தேவை, யார் வெட்கத்தால் வேண்டாம் என்கிறார் என்பதைக் குனிந்த நிலையிலேயே கண்டுபிடிப்பவர் நல்ல விளம்புகாரர். கல்யாண வீட்டில் சமையலைவிட இதற்குத்தான் அதிகம் திட்டு விழும், அதிகம் புகழும் கிடைக்கும். மேஜைச் சர்வருக்குப் பயிற்சி உண்டு, சீருடை உண்டு, மது பற்றிய அறிவும் உண்டு. ஆனால் விருந்தாளி கேட்காமல் இன்னொரு கரண்டி ஊற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. அளவு பில்லில் இருக்கிறது. பக்கத்து இலைக்காரர் யாரென்று தெரியாமல் உட்காரும் பந்தியின் அந்த இக்கட்டும் இங்கே இல்லை. மேஜைக்கு மேஜை இடைவெளி விட்டிருக்கிறார்கள். தைக்காடு அய்யா பாடுபட்டது அந்த இக்கட்டுக்காகத்தான்.

கரமனையிலும் வீடுகள் மாறிவிட்டன. பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, சில திண்ணைகள் கடையாகியிருக்கின்றன. சில அடுக்குமாடிக்கு வழிவிட்டிருக்கின்றன. போளி மட்டும் வீட்டு அடுப்பிலிருந்து வியாபாரத்துக்கு வந்து பிழைத்துக்கொண்டது. ஓணத்துக்கு முந்தின நாட்களில் போளிக் கடையில் வரிசை நிற்கிறது. வாங்கிப் போகிறவர்களில் அக்ரஹாரத்துக்காரர்கள் சிறுபான்மைதான். நட்சத்திர ஓட்டல்களின் ஓணம் சத்யாவிலும் போளி உண்டு. அங்கே சிலர் அதை முள்கரண்டியால் குத்திப் பார்த்து, மடிந்து வழுக்குவதைக் கண்டு, பிறகு சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டுக் கையாலேயே பாயசத்தில் பிசைகிறார்கள்.