படிக்கேம்மா

ஜூலை 27

நேற்று பனிமய மாதா கோயிலில் கொடியேறியது. இனி ஆகஸ்ட் 5 திருவிழா முடிகிற வரை தெருவில் கூட்டம் ஓயாது. நான் வேதியியல் புத்தகத்தை விரித்து, அதற்குள் ‘கடல்புரத்தில்’ வைத்திருந்தேன்.

“என்னட்டி செய்யுத?” அடுப்படியிலிருந்து அம்மா.

“படிக்கேம்மா.”

பொய்யில்லை. பாடத்துக்கும் நாவலுக்கும் தமிழில் ஒரே சொல்தானே. ஒரு மாதமாக அதற்குள்தான் ஒளிந்திருக்கிறேன்.

வண்ணநிலவனின் இந்தக் கதை 1977-ல் வந்தது. மணப்பாட்டில் நடக்கிறது. அதில் வரும் மீனவர் குரூஸ் மிக்கேலுக்குத் தன் படகை, வல்லத்தை, விற்க மனமில்லை. படித்த மகன் விற்கச் சொல்கிறான். எங்கள் வீட்டில் இது தலைகீழ். கடல் தன்னோடு முடியட்டும் என்பது அப்பாவே சொல்வது. சங்கு குளித்துக் குளித்து அவருக்கு இடது காது கேட்காது. நான் 600-க்கு 550 எடுத்து, ஏசி ஓடுகிற பாங்கில் உட்கார வேண்டுமாம்.

செப்டம்பர் 30

காலாண்டு வேதியியல்: 70-க்கு 41.

அப்பா திட்டவில்லை. விடைத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, கேட்காத காதை என் பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

‘கொற்கை’ பரணுக்குப் போய்விட்டது. இந்தத் தூத்துக்குடியின் கதைதான், ஆயிரம் பக்கத்துக்கு மேல். கப்பல் நிறுவன வேலையோடுதான் ஜோ டி குருஸ் எழுதினார். 2013-ல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். அவரைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவருக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு இல்லையே.

அக்டோபர் 13

மெல்லிய புத்தகம் அம்மா கண்ணில் படாது. ஸ்டைன்பெக்கின் ‘தி பேர்ல்’, 1947-ல் வந்தது. அகராதியோடு மல்லுக்கட்டி முடித்தேன். மெக்சிகோக் கரையில் கீனோ என்கிற குளியாளுக்குப் பெரிய முத்து கிடைக்கிறது. கூடவே எல்லாக் கேடும் வருகிறது.

தாத்தாவிடம் சொன்னேன். 1961-ல் இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பில் அவர் இருபது வயதுக் குளியாள். காலில் கல், இடுப்பில் கூடை. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில் உயிர். வந்த சிப்பியைக் கரையிலேயே ஏலம் விடுவார்கள், திறக்காமல். ஏலத்தில் எடுத்தவன் சிப்பியை அழுகவிட்டு, ஈ மொய்க்க மொய்க்க அலசித் தேடுவான்.

“அந்தக் கீனோ திறந்து பாத்திருக்கவே கூடாதுட்டி. பங்கா வந்ததைச் சிப்பியாவே வித்துட்டுப் போயிருக்கணும். நாங்க அப்படித்தான்.”

எந்த விமரிசகரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

“முத்தை வித்து என்ன செய்யணும்னான்?”

“மகனைப் படிக்க வைக்கணுமாம். புத்தகத்துல என்ன இருக்குன்னு அவன் வந்து வீட்டுல சொல்வானாம்.”

தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. கொஞ்சம் பொறுத்து, “அப்ப நீ சொல்லு” என்றார்.

நவம்பர் 19

ஏற்பாடு இதுதான்: ஆறிலிருந்து எட்டரை வரை பாடம், அதில் திருட்டு கிடையாது. அப்புறம் அரை மணி நேரம் தாத்தாவுக்குக் கதை. ‘கடல்புரத்தில்’ முடிந்து, இப்போது கீனோவை முதலிலிருந்து விவரமாகச் சொல்கிறேன். நாவல் படித்தால் மதிப்பெண் கூடும் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. அணைவுச் சேர்மங்களுக்கு எந்த நாவலும் உதவவில்லை. உட்கார்ந்து எழுதிப் பார்த்ததுதான் உதவியது. முத்து மின்னுவதற்குக் காரணம் அலை ஒளியியலில் வரும் குறுக்கீட்டு விளைவு என்று மட்டும் ஒரு நாள் தாத்தாவிடம் பீற்றிக்கொண்டேன். “அப்படியா” என்று வெற்றிலையை மடித்தார்.

டிசம்பர் 21

அரையாண்டு வேதியியல் நேற்று முடிந்தது. 55 வரும்.

கதை சொல்லும்போது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருப்பார். இன்றுதான் கவனித்தேன், வலது காது மேலே இருந்தது. தாத்தா தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன்.

“அந்த முத்தை அவன் கடைசில என்ன செஞ்சான்?” சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“நாளைக்குச் சொல்றேம்பா. மின் வேதியியல் இன்னும் பாக்கி இருக்கு.”