வானமும் கிணறும்

வரவும் செலவும் எழுதி வைக்காத குடும்பம் வளம் பெறுவதில்லை. பொன்னுக்கும் பொருளுக்கும் கணக்கு எழுதும் மக்கள், உயிருக்கு ஆதாரமான தண்ணீருக்குக் கணக்கு எழுதுவதுண்டோ? வானம் தந்தது எவ்வளவு, மண் ஏற்றது எவ்வளவு, மனிதர் இறைத்தது எவ்வளவு என்பதை அறியாத நகரம், கையிருப்பு அறியாமல் செலவிடும் குடும்பத்தை ஒக்கும்.

சென்னை மழையற்ற ஊர் அன்று. அங்கே ஓராண்டில் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையின்மீது விழும் நீர் மட்டும் ஆண்டுக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேலாகும். ஆனால் அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் சில நாள்களில் கொட்டித் தீர்த்து விடுகிறது. அந்நீரைத் தேக்கி மண்ணுக்கு ஊட்டுவதற்கே முன்னோர் ஏரிகளையும் குளங்களையும் அமைத்தனர். மயிலாப்பூருக்கு மேற்கே பரந்து கிடந்த பெரிய ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் ஆயிற்று. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்னும் பெயர் இன்றும் உண்டு. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை.

கடலோரத்து நிலையோ இன்னும் நுட்பமானது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் மணலுக்கடியில் உள்ள நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நிற்குமாயின், அது கீழே நாற்பதடி ஆழம் வரை உப்புநீரை அணுகவொட்டாமல் தடுக்கும் என்பது அறிவியலார் கணக்கு. ஆதலின் மேலே ஓரடி குறைந்தால் கீழே உண்டாகும் இழப்பு பன்மடங்காகும். உப்பேறிய கிணற்றை மீண்டும் இனிக்கச் செய்வது எளிதன்று.

இதனை உணர்ந்தவர்களுள் ஒருவர் இயற்பியல் அறிஞரான சேகர் இராகவன். 1990களில் அவர் பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று, மாடியில் விழும் மழைநீரைத் தெருவுக்கு விடாமல் கிணற்றுக்குத் திருப்புமாறு வேண்டினார். பலர் செவிசாய்த்திலர். எனினும் அவர் சோர்ந்தாரில்லை. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மந்தைவெளிப் பகுதியில் மழை இல்லம் என்னும் நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருத்தல் வேண்டும் எனத் தமிழக அரசு சட்டம் செய்தது.

பின்னர்க் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. ஆயினும் 2005ஆம் ஆண்டில் பெருமழையும் பெய்தது. உயர்வுக்குக் காரணம் மழையின் மிகுதியா, மக்களின் முயற்சியா? கிணற்றை மட்டும் அளப்பவர் இதற்கு விடை கூறல் இயலாது. மழையளவையும் நீர்மட்டத்தையும் ஒருங்கு வைத்து, ஆண்டுதோறும் ஒப்பிடுபவரே உண்மையை உணர்வர். ஒரே அளவு மழைக்குக் கிணறு முன்னிலும் மிகுதியாக உயருமாயின் நீர் நன்கு இறங்குகிறது எனலாம். குறைவாக உயருமாயின் சேகரிப்புக் குழி தூர்ந்திருக்கலாம், அல்லது இறைப்பு மிகுந்திருக்கலாம்.

இவ்வளவீட்டிற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. பக்கங்கள் நேரான பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் ஒரே வேளையில் அதில் தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் மழையளவு தெரியும். கயிற்றின் நுனியில் சிறுகல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, நீர் தொடும் வரையுள்ள நீளத்திலிருந்து கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிட்டும். மோட்டாரை இயக்குவதற்கு முன், திங்கள்தோறும் ஒரே நாளில் அளத்தல் நன்று.

மணலின் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே கிணற்றுக்கு ஊறிவரத்தக்க நீருக்கு இடமாகும். எனவே 200 மில்லிமீட்டர் நீர் மண்ணுள் இறங்கினால் மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரும். களிமண் நிலத்திலோ நீர் மெல்லவே இறங்கும். அங்கே களிமண்ணைக் கடந்து மணல் வரை செல்லும் உறைகிணறு வேண்டும்.

கணக்கை மறந்தால் வரும் கேட்டைச் சென்னை கண்டுள்ளது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு ஊரை மூழ்கடித்தது. நான்கே ஆண்டுகளில், 2019ஆம் ஆண்டுக் கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. மக்கள் குடங்களுடன் லாரிகளை எதிர்நோக்கி நின்றனர். வெள்ளமாக வந்த நீரே வறட்சிக்கும் துணையாகியிருக்கலாமன்றோ?

இறைத்த கிணறு ஊறும் என்பது பழமொழி. மழைநீர் மண்ணுள் புகாவிடின் எத்துணை இறைத்தாலும் கிணறு ஊறாது. கடவுள் வாழ்த்தை அடுத்தே வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். அவர் மயிலையில் பிறந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அம்மயிலையின் கிணறுகள் வற்றாதிருக்க வேண்டுமாயின், வானைப் போற்றுவதோடு அதன் கொடையை அளந்து காத்தலும் வேண்டும். ஒரு குறிப்பேடும், ஒரு முழக்கயிறும், தவறாத பழக்கமும் உடைய மாணவர் எவரும் இப்பணியைத் தம் வீட்டுக் கிணற்றடியிலேயே தொடங்கலாம்.